பின்பக்கத்துப் பிழை

கல்யாண மாப்பிள்ளை ஒருவன் கண்ணாடி முன்னால் நின்று, ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் மடிப்புப் பாவாடையான புதுக் கில்ட்டோடு இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரப் பையன். தாத்தாவின் தாத்தா ஸ்காட்லாந்திலிருந்து கப்பல் ஏறி வந்தவராம். முகமெல்லாம் சிரிப்பு. இதைவிட நன்றாக இருக்கவே முடியாது என்றான். நான் பை எடுக்கத் திரும்பினேன். அதற்குள், என்னோடு வேலை செய்யும், அதைத் தைத்த அக்கா வாயைத் திறந்துவிட்டார். பின்பக்கம் வலமிருந்து ஏழாவது மடிப்பில் ஒரு பிழை இருக்கிறது, மற்ற மடிப்புகளைவிட ஒரு நூல் அகலம் கூட, கல்யாணத்தன்று வேறு யாராவது சொல்லி நீ அறிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன் என்று தன் ஆங்கிலத்தில் நிதானமாக எடுத்துச் சொன்னார்.

பையனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவன் தேடினான், கூட வந்த பெண் தேடினாள், நான் டேப்பை எடுத்து அளந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அக்கா மட்டும் விரலை வைத்து, "இந்தா, இதிலை" என்றார். அவன் வாங்கிக்கொண்டுதான் போனான். ஆனால் கார் வரைக்கும் ஒரு கையால் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே போனான்.

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், புகழ்ந்திருக்கும் இடமெல்லாம் பிழை என்று அன்றைக்கே ஃபோன் வரும்.

நாங்கள் குடியேறிய நகரத்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் இருந்தது எங்கள் தையல் கூடம். முதலாளியம்மா, அக்கா, நான் என்று மூன்றே பேர். முதலாளியம்மா தெற்கே டனீடன் ஊர்ப் பக்கத்து ஸ்காட்டிஷ் குடும்பம். அக்கா யாழ்ப்பாணம், எனக்கு ஆறு வருடம் முன்பே அங்கே சேர்ந்தவர். நான் ஈரோட்டுக்காரி. திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்துவிட்டு வந்தவள். டீ ஷர்ட்டை நூறு நூறாகப் புரட்டித் தள்ளியவளுக்கு, ஒரு கில்ட்டுக்கு ஒரு வாரம் என்றதும் சிரிப்புதான் வந்தது.

முதல் கில்ட்டில் அந்தச் சிரிப்பு அடங்கியது. எட்டு கஜம் கம்பளித் துணி. முன்பக்கம் மடிப்பே கிடையாது, தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று வந்து மூடும். மிச்சத் துணி மொத்தமும் பின்னால் போய் மடிப்பாக அடையும், இருபத்தைந்து முப்பது மடிப்பு. இடுப்பில் குறுகலாகவும் கீழே அகலமாகவும் வரும்படி ஒவ்வொன்றையும் கையால் தைத்து இறக்க வேண்டும். தைத்து முடித்ததும், உள்ளே கனமாகக் கிடக்கும் துணியை மேற்பகுதியில் மட்டும் வெட்டி எடுப்போம். இல்லாவிட்டால் போட்டவர் இடுப்பில் தலையணை கட்டியதுபோல் இருப்பார். வெட்டும் வரை எதையும் பிரித்துத் தைக்கலாம். வெட்டிய பிறகு கதை வேறு.

மடிப்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று கட்டம் சேர்ப்பது. மடித்த பிறகும் பின்பக்கம் மடிக்காத துணியைப்போலக் கட்டத்தோடு கட்டம் சேர்ந்து முழுதாகத் தெரியும். கல்யாணத்துக்கும் விருந்துக்கும் பெரும்பாலும் அதுதான். இன்னொன்று கோடு நிறுத்துவது. கட்டத்திலுள்ள ஒரே ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு, எல்லா மடிப்பின் நடுவிலும் அந்தக் கோடே வரும்படி மடிப்பது. பின்னாலிருந்து பார்த்தால் இது வேறு துணியோ என்று இருக்கும். பேண்டு வாசிக்கிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். அவர்கள் நடக்கும்போது மடிப்பு விரிந்து, உள்ளே ஒளிந்திருக்கும் நிறம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

அக்காவின் கை இரண்டிலும் தேர்ந்த கை. ஆனால் ஒன்றையாவது அவர் வாயை மூடிக்கொண்டு கொடுத்து நான் பார்த்ததில்லை. அடுத்தவர் பிழையைத் தேடிப் போகிறவர் அல்ல. தன் கை பட்டதில் ஒரு குறை இருந்தால் மட்டும் அதை அவரால் விழுங்க முடியாது. "உதிலை ஒரு பிழை இருக்கு. சொல்லிப்போட்டன்." இதுதான் அவர் கில்ட்டோடு சேர்த்துக் கொடுக்கும் வாக்கியம். முதலாளியம்மாவுக்கு இது பழகிவிட்டது. ஒவ்வொரு ஆர்டரும் முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சரி, சொல், இந்தத் தடவை எங்கே?" என்று கேட்பார். அக்கா காட்டுவார். அம்மா சிரித்துவிட்டுப் பெட்டியில் வைப்பார்.

வெளியிலும் இதே கதைதான். கோயில் மண்டபத்துக்கு மசாலா அடைத்துப் பொரித்த ரோல்ஸ் செய்து கொண்டுவருவார். மூடியைத் திறந்ததும், ஒருவர் வாயில் வைப்பதற்குள், "உறைப்புக் காணாது. இந்தப் பக்கத்து ரெண்டும் கருகிப்போச்சு, எடுக்காதேங்கோ" என்பார். காரை, ஓட்டத் தகுதி பார்க்கும் வாரண்ட் பரிசோதனைக்குக் கொண்டுபோனால், மெக்கானிக் எல்லாம் சரி என்று டிக் போட்ட பிறகு, மழையில் இடப்பக்க வைப்பர் சில சமயம் கிறீச்சிடும் என்று அவனைத் திரும்ப அழைத்துச் சொல்வார். ஒருமுறை கார் நிறுத்துமிடத்தில் தன் கதவு பக்கத்து வண்டியைத் தொட்டதோ என்று சந்தேகம் வந்து, பெயரும் நம்பரும் எழுதி அதன் கண்ணாடியில் செருகிவிட்டு வந்தார். அந்த வண்டிக்காரன் ஃபோன் செய்து, கீறலே இல்லை, கவலைப்படாதே என்றான். இன்னொரு முறை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லி அவனோடு வாதாடியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"அக்கா, உங்களைப் பிடிக்க போலீஸே வேண்டாம். நீங்களே ஸ்டேஷனுக்கு வழி கேட்டுப் போயிருவீங்க" என்று கிண்டல் செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நாங்களே சொல்லிப்போட்டா, பிறகு ஒருத்தரும் வந்து கதவைத் தட்ட ஏலாது, பிள்ளை" என்றார்.

எந்தக் கதவு, யார் வந்து தட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தபின் கேட்கத் தோன்றவில்லை.

நான் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆனபோது தோற்பைக் குழல் ஊதி, டிரம் அடித்து அணிவகுக்கும் ஒரு பைப் பேண்டிலிருந்து பன்னிரண்டு கில்ட்டுக்கு ஆர்டர் வந்தது. கரும்பச்சையும் நீலமும் கலந்த கட்டம், நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு. அவர்களுக்கென்றே ஸ்காட்லாந்தில் நெய்து வந்த துணி. பன்னிரண்டுக்குச் சரியாக இருந்தது, ஒரு முழம்கூட மிச்சம் கிடையாது. பின்பக்கம் சிவப்புக் கோட்டை நிறுத்த வேண்டும் என்று பேசி முடித்தார்கள். பதினொன்றை அம்மாவும் அக்காவும் பங்குபோட்டுக்கொண்டார்கள். நான் அப்போது கல்யாணக் கில்ட்டுகளில் இருந்தேன், வரிசையாக நான்கும் கட்டம் சேர்ப்பவை. அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. கூடத்தை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, பன்னிரண்டாவதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

போகும்போது என்னிடம் இன்னொன்றும் சொன்னார். திரும்பி வந்ததும் என் குடிவரவு வக்கீல் கேட்ட வேலைச் சான்றுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவதாக. அந்தக் கடிதம் இருந்தால்தான் இங்கேயே நிரந்தரமாகத் தங்கும் ரெசிடென்ஸுக்கு விண்ணப்பிக்க முடியும். வீட்டுக்காரரின் படிப்பு விசா முடிந்து, பிள்ளைகளோடு நாங்கள் நான்கு பேரும் என் வேலை விசாவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. அம்மா முகத்தைச் சுளித்தால் நாங்கள் ஈரோட்டுக்கு டிக்கெட் பார்க்க வேண்டியதுதான்.

பன்னிரண்டாவது துணியை மேசையில் விரித்தபோது, முடித்துத் தொங்கவிட்டிருந்த மற்ற கில்ட்டுகளைப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு வரிசையாக நின்றது. கட்டம் எங்கேயும் சேரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊரில் கட்டம் போட்ட துணியில் ரவிக்கை தைக்கும் டெய்லரை எதை வைத்து எடை போடுவோம்? முதுகுத் தையலில் கட்டத்தோடு கட்டம் சேர்ந்திருக்கிறதா என்பதை வைத்துத்தானே. சேரவில்லையென்றால் துணியைத் திருப்பி மூஞ்சியில் எறிவோம். கோடு நிறுத்தச் சொன்னது என் காதில் விழாமல் இல்லை. நான்கு கில்ட் தைத்த மிதப்பில், மடிக்கத் தெரிந்தவள் இப்படி மடிக்க மாட்டாள், ஒன்றையாவது ஒழுங்காகச் செய்து காட்டுவோம், பார்த்தால் அசந்துபோவார்கள் என்று நினைத்தேன். இதை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

ஆறு நாள் தைத்தேன். அக்கா தன் மூலையில் கடைசி இரண்டு கில்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், என் பக்கம் வரவில்லை. பின்பக்கம் ஒரே துணியாக, மடிப்பு எங்கே என்று தெரியாமல் வந்தது. உள்துணியை வெட்டி எடுத்தேன். பிறகு தூக்கிப் பிடித்து, "பாருங்க்கா, கட்டம் எப்படிச் சேருது பாருங்க" என்றேன்.

அக்கா எழுந்து வந்தார். பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "உள்ளுக்கை வெட்டிப்போட்டீரோ?" என்று கேட்டார்.

"வெட்டிட்டேன்க்கா."

அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பன்னிரண்டு பேரும் ஒண்டா நடந்து போய் ஒண்டாத் திரும்பேக்கை, இந்த ஒருத்தன்ரை முதுகிலை கோடு இராது, பிள்ளை. அவன் மட்டும் வேறை பேண்டிலை இருந்து வந்தவன் மாதிரி நிப்பான்."

அப்போதுதான் என் புத்திக்கு உறைத்தது. தொங்கியவற்றையும் கையிலிருந்த ஒன்றையும் மாறி மாறிப் பார்த்தேன். பிரித்துத் திரும்ப மடிக்கலாமா என்று கேட்டேன். அக்கா தலையசைக்காமல் தையலைப் பிரித்து, கோடு நிற்கும்படி மடித்துப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டு விதத்துக்கும் ஒரு மடிப்புக்குப் போகும் துணியின் அளவு வேறு. முதல் நாலைந்து மடிப்பு தப்பித்தது. அதற்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து, நான் வெட்டியெடுத்த ஓட்டைகள் மடிப்பின் வெளிமுகத்துக்கே வந்து நின்றன.

புதுத் துணி நெய்து வர மாதக்கணக்காகும். பேண்டு மைதானத்தில் இறங்க நான்கே வாரம். நான் அழுதேன். "அம்மாகிட்ட சொல்லிறாதீங்க்கா. லெட்டர்ல இன்னும் கையெழுத்து ஆகலை. சொன்னா என்னை அனுப்பிருவாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "வெட்டின துண்டுகள் எங்கை?" என்று மட்டும் கேட்டார்.

குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பொறுக்கினோம். இரண்டு வாரம், சனி ஞாயிறு உட்பட, அவர் அந்தத் துண்டுகளை வந்த இடத்திலேயே திரும்ப வைத்து, ஊசியாலேயே நெய்வதுபோல் இழையோட்டி டார்னிங் செய்தார். துணியின் ஓரத்திலிருந்தே நூல் உருவி, பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம், இழைக்கு இழை. நான் நூல் உருவிக் கொடுத்தேன், இஸ்திரி போட்டேன். அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கோடு நிற்கும்படி மடித்துத் தைத்து முடிந்தபோது அதை மற்ற பதினொன்றோடு தொங்கவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தோம். பன்னிரண்டிலும் சிவப்புக் கோடு நின்றது. கிட்டே போய் இடுப்புப் பட்டிக்குக் கீழே விரலால் தடவினால் மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருந்தது.

அதன்பின் எனக்குத் துணியைப் பற்றிய பயம் போய், அக்காவின் வாயைப் பற்றிய பயம் பிடித்துக்கொண்டது. வைப்பர் கிறீச்சிடுவதையே சொல்லாமல் இருக்க முடியாதவர். அம்மாவின் உடல்நிலையை விசாரிக்க அக்கா ஃபோன் செய்யும்போதெல்லாம் நான் அக்காவின் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார். வீட்டில் எரிந்து விழுந்தேன். நேர்மையான மனுஷியாக இருக்கிறாரே என்று அவர்மேல் கோபம்கூட வந்தது.

அம்மா கைத்தடியோடு வந்தார். பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். டார்னிங் செய்தது எட்டாவதாகத் தொங்கியது. அவர் விரல் அதன்மேல் போய்க் கொஞ்சம் நின்று, அடுத்ததுக்கு நகர்ந்தது. எல்லாம் முடிந்ததும் வழக்கம்போல் அக்காவின் பக்கம் திரும்பி, "சரி, சொல், இந்தத் தடவை எங்கே?" என்றார்.

அக்கா வாயைத் திறந்தார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "ஒன்றுமில்லை. எல்லாம் சரி" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நான் ஆபரேஷனுக்குப் போனதும் நீ தேறிவிட்டாய்" என்று அக்காவின் தோளைத் தட்டினார். அன்று மத்தியானமே என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பேண்டு மைதானத்தில் இறங்கிய நாள் நல்ல வெயில். மூவரும் போயிருந்தோம். அந்தக் கில்ட் உயரமான டிரம்மர் ஒருவருக்குப் போயிருந்தது. அவர்கள் நடந்த தூரம் முழுக்க அக்கா வேலிக்கு வெளியே அவருக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார், ஒரு கையை நெஞ்சில் வைத்தபடி. பன்னிரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். பன்னிரண்டு முதுகும் ஒன்றுபோல இருந்தது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அம்மா எங்கள் இருவரையும் அணைத்துக்கொண்டார். அக்கா மரக்கட்டையாக நின்றார்.

அதன்பின் அவர் பிழை சொல்வதை நிறுத்திவிட்டார். அடுத்த ஆர்டர் முடிந்தபோது அம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அக்கா "தெரியேல்லை" என்பதுபோல் உதட்டைப் பிதுக்கிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டார். கோயிலில் ரோல்ஸ் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டுப் பேசாமல் ஒதுங்கினார். ஒரு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டபின் சின்ன உண்மைகளைச் சொல்லும் தகுதி போய்விட்டது என்று நினைத்தாரோ என்னவோ. நான் அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. அக்கா கொஞ்சம் அமைதியாகிவிட்டார், நல்லதுதான் என்று இருந்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் விடாமல் கேட்டார். திங்கட்கிழமைதோறும் வந்து பையை வைத்ததும், "விசா விஷயம் ஏதும் வந்ததோ, பிள்ளை?"

"இல்லீங்க்கா. எங்களைவிட நீங்கதான் அதிகமா கவலைப்படறீங்க" என்று சிரிப்பேன். என்மேல் அவ்வளவு பாசம் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அந்த வருட முடிவில் அவர் வேலையை விட்டார். இடுப்பு வலி என்றார். நகரத்துக்கு வெளியே தோட்டங்கள் உள்ள புக்கெகோஹியில் காய்கறி பேக்கிங்குக்குப் போவதாகக் கேள்விப்பட்டபோது, நாள் முழுக்க நின்று வெங்காயம் பொறுக்கினால் இடுப்பு வலிக்காதா என்று எனக்குக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. திங்கட்கிழமை கேள்வி மட்டும் மெசேஜில் வந்துகொண்டிருந்தது.

ரெசிடென்ஸ் வந்தது. அம்மா கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஒன்றேகால் வருடத்துக்கு மேல். அந்தச் சனிக்கிழமை பாபடோயிட்டோய் கடைத்தெருவில் ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். நான் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்து, ஆளே பாதியாக இருந்தார்.

வாசலிலேயே, "வந்திட்டுதோ?" என்றார்.

"வந்துருச்சுக்கா. நாலு பேருக்கும்."

பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தார். திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

"இனி ஒருத்தராலையும் அதைத் திருப்பி எடுக்க ஏலாதோ?"

"எடுக்க முடியாதுங்க்கா."

"கடிதம் தந்தவ கோவிச்சாலும்?"

"அவங்க கோவிச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் தலையை ஆட்டினார். நான் சொன்னதைத் தனக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு, எங்கேயோ வரிசையில் நின்று தன் முறை வந்ததும் கேட்கிறவர்போல, "அப்ப நான் இப்ப சொல்லலாமோ?" என்றார்.

எதைச் சொல்வது என்று எனக்கு உடனே புரியவில்லை. அதுதான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியாதது. நான் மறந்தே போயிருந்தேன். அந்த மைதானத்தோடு என் கணக்கில் அது முடிந்துவிட்டது. இந்த மனுஷி திங்கட்கிழமை திங்கட்கிழமையாக எண்ணிக்கொண்டு, எனக்காக வாயைப் பொத்திக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெங்காயம் பொறுக்கப் போயிருக்கிறார்.

"நீங்க எதுக்குங்க்கா சொல்லணும்? தப்பு என்னுது. நானே சொல்றேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் சொல்லிடறேன்."

"திங்கட்கிழமையோ?" என்றார் அக்கா. குரல் அப்படியே கீழே இறங்கிவிட்டது.

நான் ஃபோனை எடுத்தேன். சமையலறைப் பக்கம் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். விசா வந்ததற்கு வாழ்த்துச் சொல்லப்போனவரை இடைமறித்து, எல்லாவற்றையும் சொன்னேன். கோடு நிறுத்தச் சொல்லியும் கட்டம் சேர்த்தது, வெட்டியது, அழுதது, அக்கா இரண்டு வாரம் உட்கார்ந்து துண்டுகளை ஒட்டியது, சொல்லாதீர்கள் என்று நான் கையைப் பிடித்துக்கொண்டது. என் ஆங்கிலம் குழறியது. பாதியில் அழுகையும் வந்தது.

"எந்தக் கில்ட்?" என்று அம்மா கேட்டார். உயரமான டிரம்மருடையது என்றேன். "அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். ஆமாம் என்றேன். அவர் குரலில் கோபமா வருத்தமா என்று பிரித்தறிய முடியவில்லை.

"அவள் பக்கத்தில் இருக்கிறாளா? ஃபோனைக் கொடு."

திரும்பினேன். அக்கா உட்கார்ந்த இடத்திலேயே தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்க, வாய் லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது. மைசூர்பாகுப் பெட்டி மடியிலிருந்து சரிந்து, முழங்காலில் வந்து நின்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம்கூட அக்காவை அசைக்கவில்லை.

"இருக்கிறாளா?" என்று அம்மா மறுபடி கேட்டார்.

தூங்குகிறார் என்று சொன்னேன்.